பன்றிப் பண்ணை: சித்தூர் தாலுகா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் தமிழ் பேசும் ஊர்களில் பன்றி வளர்க்கிறவர்களும், வளர்க்க நினைக்கிறவர்களும், பண்ணையில் கூலிக்கு நிற்கிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். தீனி, நோய், மானியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொட்டகைக்குள் நாள் முழுக்க நிற்கும் ஆளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அந்த ஆளைப் பற்றியும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்து விஷயத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்வதுதான் முடிவு.

ஏனுங்க, புதுசா ஆரம்பிக்கறவன் எத்தனை பன்னி வாங்கலாம்?

பால் மறந்த இரண்டு மாதக் குட்டிகள் ஐந்தாறு வாங்கி, வளர்த்து, விற்றுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் தீனி எங்கே கிடைக்கும், தண்ணீர் எவ்வளவு போகும், வாங்க யார் வருவார்கள், வீட்டில் எல்லோருக்கும் இந்த வேலை ஒத்துவருமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தாய்ப்பன்றி வாங்குவது அதற்கு அடுத்த கட்டம்.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் 50 தாயும் 5 கடாவும் (ஆண் பன்றி) கொண்ட பண்ணைக்கு 15 லட்சம் வரையும், 100 தாயும் 10 கடாவும் கொண்ட பண்ணைக்கு 30 லட்சம் வரையும் மானியம் இருக்கிறது. மூலதனச் செலவில் பாதிதான் மானியம், மீதி உங்கள் பொறுப்பு. அந்தத் தொகையைப் பார்த்து நேராக நூறு தாயில் இறங்காதீர்கள். நூறு தாய் என்றால் வாரத்துக்கு நாலைந்து தாய் குட்டி போடும். ராத்திரியில் எழுந்து பார்க்கும் ஆட்கள் கையில் இல்லாமல் அந்தப் பண்ணை ஓடாது.

வெள்ளைப் பன்னியா, நம்மூர் கறுப்பா? எது நல்லதுங்க?

கறிக்கு வளர்ப்பதாக இருந்தால் வெள்ளை யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ், டியூராக், இல்லையென்றால் இவற்றின் கலப்பு. நன்றாகத் தீனி கொடுத்தால் ஏழெட்டு மாதத்தில் 90, 100 கிலோ வரும். கறுப்பு நாட்டுப் பன்றி வெயிலையும் மோசமான தீனியையும் தாங்கும், ஆனால் எடை ஏறாது, ஒரு ஈற்றுக்குக் குட்டியும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேபிஎம் கோல்ட். முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டு ரத்தம். நமக்குப் பக்கத்தில் என்றால் திருச்சூர் மண்ணுத்தியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குட்டி வாங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்ம பக்கத்து வெயிலுக்குப் பன்னி தாங்குமா?

பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. வியர்வைச் சுரப்பி பேருக்குத்தான் இருக்கிறது. சேற்றில் புரள்வது அதனால்தான், அழுக்கின் மேல் ஆசையால் அல்ல. ஈரமும் நிழலும் இருந்தால் பன்றி தன் சாணத்தைத் தள்ளி ஒரு மூலையில் போட்டுவிட்டுச் சுத்தமான இடத்தில் படுக்கும். நம் பக்கம் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடுகிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் தீனி எடுப்பது குறையும், கடாவின் விந்துத் தரம் குறையும், நிறை சினைத் தாய் மூச்சு வாங்கியே விழுந்துவிடும்.

கொட்டகையைக் கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். தகரம் போட்டால் மேலே தென்னந்தடுக்கு வேயுங்கள். பகல் பதினொன்று முதல் நாலு வரை தூவல் குழாய் விட்டு விட்டு ஓட வேண்டும். வளரும் பன்றிக்குத் தலைக்கு 10 முதல் 20 சதுர அடி, குட்டி போட்ட தாய்க்கு 75 முதல் 100 சதுர அடி. தென்னந்தோப்புக்குள் கொட்டகை வைக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள்.

ஹோட்டல் மிச்சம் சும்மாவே கிடைக்குது. அதுமட்டும் போட்டா போதாதா?

பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் டிரம் டிரம்மாக எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. செலவில் எழுபது சதவீதம் தீனிதான் என்பதால் இந்த ஆசை வருவது நியாயம். ஆனால் மிச்சத்தில் பாதிக்கு மேல் தண்ணீரும் சோறும்தான். கொழுப்பு ஏறும், சதை ஏறாது. மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு கலந்த தீனி கொஞ்சமாவது தினமும் போக வேண்டும். குட்டிக்கும் சினைப் பன்றிக்கும் மிச்சம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் அளவு: 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே. மேலே ஆவி வந்ததும் இறக்கிவிட்டால் டிரம்மின் நடுவில் இருக்கும் இறைச்சித் துண்டு வேகாமல் கிடக்கும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது ஆப்பிரிக்கக் காய்ச்சல் பற்றிய பதிலில் தெரியும். டிரம்மைக் கிளறும் ஆளுக்கு நீளக் கைப்பிடியுள்ள துடுப்பும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இந்த வேலையில் முழங்கை வரை வெந்து வடு ஆனவர்களை நம் பக்கத்திலேயே பார்க்கலாம்.

கோழிக்கடை வேஸ்ட்? அதுக்கு அவங்களே காசு கொடுத்து எடுத்துக்கச் சொல்றாங்க.

வேண்டாம். பச்சையாகப் போட்டால் நோய், அழுகினால் நாற்றம், ஊருக்கும் உங்களுக்கும் சண்டை. காசு கொடுத்துத் தள்ளிவிடுகிறவர் தன் தொல்லையைத்தான் உங்கள் கொட்டகைக்குள் இறக்குகிறார்.

ஒரு பன்னி சுத்திச் சுத்தி வருது, தலையைச் செவுத்துல முட்டிக்கிட்டே நிக்குது. பைத்தியமா?

முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அடைத்திருக்கும், அல்லது முந்தின நாள் மோட்டார் ஓடியிருக்காது. ஊறுகாய், அப்பளம், குழம்பு என்று உப்பு கூடிய மிச்சத்தைத் தின்ற பன்றிக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் உப்பு மூளையைத் தாக்கும். கண் தெரியாதது மாதிரி நடக்கும், சுவரில் தலையை அழுத்தும், நாய் உட்காருவது போல் பின்காலில் உட்கார்ந்து வெட்டி இழுக்கும்.

உடனே தொட்டி நிறையத் தண்ணீர் வைக்காதீர்கள். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கிச் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். பெரிய பன்றிக்கு நாளுக்குப் பத்து லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு இருபது முப்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீரையும் போர்வெல்லையும் நம்பி வாழும் ஊர்களில் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே பன்றி வாங்குங்கள்.

குட்டி போடற ராத்திரி ஆள் கூடவே இருக்கணுங்களா? மாடு மாதிரி தானாப் போட்டுக்காதா?

போட்டுக்கொள்ளும். ஆனால் எத்தனை குட்டி விடியும்வரை உயிரோடு இருக்கும் என்பது பக்கத்தில் ஆள் இருப்பதைப் பொறுத்தது. சினைக் காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இணை சேர்த்த தேதியைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். நாள் நெருங்கும்போது தாய் நிலைகொள்ளாமல் வைக்கோலை வாயில் கவ்வி ஒரு மூலையில் சேர்க்கும், தரையைக் காலால் பறிக்கும். காம்பை லேசாகப் பிதுக்கினால் பால் வந்தால் பெரும்பாலும் அன்றைக்கே குட்டி போடும்.

குட்டி கால் மணி, இருபது நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். பிறந்ததும் மூக்கு வாயிலிருக்கும் சவ்வைத் துணியால் துடைத்து, தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் வைத்து, காம்பில் சேர்க்க வேண்டும். சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போகாவிட்டால் அந்தக் குட்டிக்கு நோய் எதிர்ப்பே கிடையாது. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் இருக்கும். குளிரில் நடுங்கி அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழகிய ஆள் அதைத் தன் லுங்கி மடியில் போட்டுச் சூடேற்றித் தேய்ப்பார். அரை மணியில் அது மூக்கால் அவர் வயிற்றை முட்டிப் பால் தேடும். முதல் வாரம் குட்டிகள் படுக்கும் மூலையில் பல்பு போட்டு 32 டிகிரி வாக்கில் வைத்திருங்கள். தாய் முக்கி முக்கி முக்கால் மணி ஆகியும் அடுத்த குட்டி வராவிட்டால் கையை விடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்கு இருப்பதுபோல் பால் எப்போதும் காம்பில் நிற்காது. மணிக்கு ஒரு தரம் தாய் ஒருமாதிரி தாளமாக உறுமும். உறுமல் வேகமெடுத்ததும் இருபது விநாடி போலத்தான் பால் இறங்கும். இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். முன்காம்பில் பால் அதிகம் என்பதால் மெலிந்த குட்டியை முதல் நாளே முன்னால் விடத் தெரிந்த ஆள் பண்ணைக்குக் கிடைத்த சொத்து.

தாயே குட்டியைக் கடிச்சுத் தின்னுடுச்சு. இந்தத் தாயை வித்துடலாமா?

அவசரப்படாதீர்கள். முதல் ஈற்றுத் தாய்க்கு இது சகஜம். பயம், சத்தம், தாகம், தெரியாத ஆள் என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். குட்டிகளைத் தனியே கூடையில் வைத்து, எல்லாம் பிறந்து தாய் அடங்கியதும் பாலுக்கு விடுங்கள். கடித்துத் தின்பதைவிடத் தாயின் அடியில் நசுங்கிச் சாவதே அதிகம். சுவரிலிருந்து ஒரு முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இரும்புக் குழாய் பதித்தால் தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி ஒதுங்க இடம் இருக்கும்.

எந்த ஆளைப் பார்த்துத் தாய் பயப்படுகிறது என்றும் கவனியுங்கள். பால் ஹெம்ஸ்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் 1980களில் பண்ணைகளில் பார்த்துச் சொன்னது இது: மனிதரைக் கண்டு பயப்படும் பன்றிகள் உள்ள பண்ணையில் குட்டி ஈனுவதும் குறைவு. அடிக்கும் கை, உதைக்கும் கால் எல்லாம் கணக்கில் வந்து நிற்கும்.

குட்டிக்கு என்னென்ன ஊசி போடணும்?

மூன்றாம் நாள் இரும்பு ஊசி. குட்டிக்கு நாளுக்கு ஏழு மில்லிகிராம் இரும்பு வேண்டும், தாய்ப்பாலில் ஒன்றுதான் கிடைக்கும். மண்ணைக் கிளறித் திரியும் பன்றிக்கு மண்ணிலிருந்து கிடைத்துவிடும், சிமெண்டுத் தரைக் குட்டிக்கு வழியில்லை. ஊசி போடாவிட்டால் வெளுத்து, மூச்சிரைத்து, மூன்றாம் வாரம் சாகும். கறிக்கு வளர்க்கும் ஆண் குட்டிக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் காயடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கறியில் கவுச்சி வரும். பால் மறந்தபின் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியும் கோமாரித் தடுப்பூசியும் டாக்டர் சொல்லும் தேதியில். குடற்புழு மருந்து தனி.

பன்றிக்காய்ச்சல்னா ஆஸ்பத்திரியில சொல்ற ஸ்வைன் ஃப்ளூ தானுங்களே?

இல்லை. ஒரே மாதிரிப் பெயரில் மூன்று வேறு நோய்கள் இருப்பதால் வரும் குழப்பம் இது. 2009இல் உலகம் முழுக்கப் பரவியது எச்1என்1 என்ற சளிக்காய்ச்சல். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது, கறி தின்பதால் வராது.

இரண்டாவது, பழைய பன்றிக்காய்ச்சல். பன்றிக்கு மட்டும் வரும், தடுப்பூசி உண்டு. மேலே சொன்னது அதுதான். மூன்றாவது ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். இதுவும் மனிதருக்கு வராது. ஆனால் இங்கே அதற்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது.

ஆப்பிரிக்கக் காய்ச்சல் நம்ம ஊருக்கெல்லாம் எப்படிங்க வரும்?

கென்யாவில் 1921இல் முதலில் எழுதிவைக்கப்பட்ட நோய். 2018இல் சீனாவுக்கும், 2020இல் அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசத்துக்கும், 2022 ஜூலையில் வயநாட்டுக்கும் வந்தது. மானந்தவாடியிலும் தவிஞ்ஞாலிலும் பன்றிகள் செத்து, போபால் ஆய்வகம் உறுதி செய்தது. கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, காதும் வயிற்றுப்புறமும் சிவந்து நீலம் பாய்வது, ரத்தக் கழிச்சல். சில பன்றி எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். கொட்டகைக்குள் வந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும்.

காற்றில் மைல் கணக்கில் பறந்து வரும் நோய் அல்ல. நோய்ப்பட்ட பன்றி, அதன் கறி, வண்டிச் சக்கரம், செருப்பு, கயிறு, வேகாத மிச்சம் என்று நாம்தான் தூக்கிக்கொண்டு வருகிறோம். உறைய வைத்த கறியில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசலில் மருந்துத் தொட்டி, கொட்டகைக்கென்று தனி பூட்ஸ், வாங்க வரும் வியாபாரியின் வண்டி வெளியிலேயே நிற்பது, புதுப் பன்றியை ஒரு மாதம் தனியே வைப்பது. இவ்வளவுதான் நம் கையில் இருக்கிற மருந்து.

ஒரு விஷயம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: வடகிழக்கிலிருந்து வரும் வேலையாட்கள் ஊரிலிருந்து வாட்டிய பன்றிக்கறி கொண்டுவருகிறார்களே என்று. ஆபத்து உண்மைதான். அவர்களைத் திட்டாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். அதோடு வாரம் ஒருநாள் கோழியோ மீனோ நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெட்டியைச் சோதனை போடுவதைவிட அது பலன் தரும்.

பக்கத்துப் பண்ணையில நோய் வந்தா என் பன்னியையும் கொன்னுடுவாங்களா?

நோய் உறுதியான இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தால் ஆம், நோய் இல்லாத பன்றியும் சேர்த்து. பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மட்டும். விற்க, கொண்டுபோகத் தடை இருக்கும். நஷ்டஈடு எடைக்கணக்கில். 2022இல் வந்த கணக்குப்படி 15 கிலோ வரை 2,200 ரூபாய், 40 கிலோ வரை 5,800, 70 கிலோ வரை 8,400, 100 கிலோ வரை 12,000, அதற்கு மேல் 15,000.

அரசு கொன்ற பன்றிக்குத்தான் பணம், தானாகச் செத்ததற்கு இல்லை. அதனால் இரண்டு பன்றி செத்ததுமே சொல்லுங்கள், இருபது சாகும்வரை மறைக்காதீர்கள். செத்ததை ஆற்றிலோ கால்வாயிலோ போடுவது ஊரிலுள்ள எல்லாப் பண்ணைக்கும் செய்யும் துரோகம்.

நஷ்டஈட்டில் வேலையாளுக்கென்று ஒரு ரூபாய் இல்லை. பண்ணை மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், அவர் கூலி அன்றோடு நிற்கும். தன் கையால் பால் புகட்டி வளர்த்ததைக் குழியில் தள்ளும்போதும் பக்கத்தில் நிற்பவர் அவரே. அந்தப் பணத்தில் இரண்டு மாதக் கூலியாவது அவருக்கு ஒதுக்குவதுதான் முறை என்று முதலாளிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பன்னிக்கறி தின்னா மூளையில புழு வரும்ங்கறாங்களே, நெசமா?

பாதி நிஜம். சரியாக வேகாத, இளம்புழுப் பையுள்ள கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்குப் போவது வேறு வழி. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வரும். அது கை வழியாக, கீரை வழியாக, தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குப் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரும். பன்றிக்கறியைத் தொடாத சைவருக்கும் வரலாம்.

பன்றிக்கு இந்தப் புழு எங்கிருந்து வருகிறது? மனித மலத்தைத் தின்பதால். அடைத்து வளர்க்கும் பண்ணையில், வேலையாட்களுக்குக் கழிப்பறை இருந்தால், இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கழிப்பறை கட்டாமல் வேலையாளைத் தோப்புக்குள் போகச் சொல்லும் பண்ணையின் கறியைப் பற்றித்தான் நான் பயப்படுவேன்.

பண்ணையில வேலை செய்யறவங்களுக்கு என்ன சீக்கு வருங்க?

முதலாவது எலிக்காய்ச்சல். எலி மூத்திரமும் பன்றி மூத்திரமும் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு நின்றால் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ‘நான் பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடந்து உயிரே போவதுண்டு. மழைக்காலத்தில் கேரள சுகாதாரத் துறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை கொடுக்கிறது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசு வழியாக வருவது. கிருமி பன்றி உடம்பில் பெருகும், கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். கழிவுநீர் தேங்காமல் பார்ப்பதும், ஆட்கள் தூங்கும் அறைக்குக் கொசுவலை அடிப்பதும் முதலாளியின் கடமை. முழங்கால் வரை பூட்ஸ், சோப்பு, புண்ணுக்கு மருந்து, இதற்கெல்லாம் கூலியில் பிடிக்காதீர்கள்.

ஆளே கிடைக்க மாட்டேங்குது. வந்தாலும் ஒரு மாசத்துல ஓடிடறாங்க. என்ன பண்றது?

அவர் தூங்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பல பண்ணைகளில் தீனி மூட்டை அடுக்கிய அறையின் மூலையில் ஒரு பாய்தான். கதவு இல்லை, கழிப்பறை இல்லை, குளித்துவிட்டு மாற்ற ஓர் இடம் இல்லை. உடம்பு நாற்றத்தோடு கடைக்குப் போனால் டீயைத் தள்ளி நின்று குடிக்கச் சொல்கிறார்கள். யார் நிற்பார்கள்?

தாழ்ப்பாள் போட்ட அறை, குளியலறை, மாற்றுத் துணி, வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு, குட்டி போடும் ராத்திரிக்குத் தனிக் கூலி. முடிந்தால் பால் மறந்த குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. இவ்வளவு செய்த பண்ணைகளில் ஆள் வருடக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறேன். குடும்பத்தோடு வருகிறவருக்கு வீடு கொடுத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் மனைவிதான் குட்டிகளை நன்றாகக் கவனிப்பார், அவருக்கும் தனிச் சம்பளம் கொடுங்கள். அஸ்ஸாமிலிருந்து வருகிறவர்களை ‘பாய்’ என்று கூப்பிட்டு ஏவிவிடாமல் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2019 கணக்கெடுப்பில் இந்தியாவின் சுமார் 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அஸ்ஸாமில்தான் இருந்தன. சிறு வயதிலிருந்தே வீட்டில் பன்றி பார்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

பன்னி மேய்க்கறவன் மகன்னு பள்ளிக்கூடத்துல பையனைக் கேலி பண்றாங்க. விட்டுடலாமான்னு இருக்கு.

இதை ஒரு தகப்பன் கேட்கும்போது தீனிக் கணக்கு பேசுவதுபோல் பதில் சொல்ல முடிவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் பன்றி வளர்த்த குடும்பங்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதன் மிச்சம் இந்தக் கேலி. இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்குப் பன்றிக்கறி இல்லாத கிறிஸ்தவ வீடு அபூர்வம். கள்ளுக்கடையிலும் அதற்குத்தான் கூட்டம். தின்கிறவருக்கு இல்லாத இழிவு வளர்க்கிறவருக்கு மட்டும் எப்படி வரும்?

ஆசிரியரைப் பாருங்கள். பள்ளியில் அவர் ஒருமுறை கண்டித்தால் பாதி அடங்கும். சாதி சொல்லித் திட்டினால் அது குற்றம் என்பதையும் நினைவூட்டுங்கள். பையனை ஒரு ஞாயிறு குட்டி போடும் நேரத்தில் கூட உட்கார வையுங்கள். அப்பா என்ன வேலை தெரிந்தவர் என்று அவன் பார்க்கட்டும்.

நாத்தம்னு பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்துட்டார்.

லைசன்ஸ் இருக்கிறதா? 2012ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் கால்நடைப் பண்ணை உரிம விதிகளில் எண்ணிக்கை, தூரம், சாணக்குழி எல்லாம் வருகிறது. பின்னால் திருத்தங்களும் வந்திருப்பதால் இன்றைய அளவைப் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்தில் வாங்குங்கள்.

சாணமும் மூத்திரமும் கலந்து ஊறும்போதுதான் அந்த நெடி வருகிறது. காலையில் சாணத்தைச் சுரண்டி வழித்து எடுத்த பிறகே தண்ணீர் அடியுங்கள். தண்ணீரும் மிச்சம், நாற்றமும் பாதி. வழித்ததைச் சாண எரிவாயுக் கலத்துக்கு விட்டால் ஹோட்டல் மிச்சத்தை அவிக்கும் அடுப்புக்கு ஆகும். கலத்தில் வரும் கரைசலைத் தென்னைக்கு விடலாம். இதற்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் காற்று அடிக்கும் திசையைப் பாருங்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் குட்டி மலிவு. வண்டியில போட்டுக் கொண்டாந்துடலாமா?

2022 ஜூலையில் கேரளம் வெளி மாநிலப் பன்றிகளுக்குத் தடை போட்டது, நோய் வரும்போதெல்லாம் இப்படி மாறும். வாங்கும் முன் மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள், டாக்டர் சர்டிபிகேட்டோடு சோதனைச்சாவடி வழியாகவே வாருங்கள். தோப்பு வழியாக ராத்திரி கடத்திக் கொண்டுவரும் குட்டியில் மிச்சமாகும் பணத்துக்காக ஊரையே பணயம் வைக்காதீர்கள்.

காட்டுப்பன்னி வேலிக்குள்ள வந்து பெட்டையோட சேர்ந்துடுச்சு. குட்டி நல்லா இருக்குமா?

குட்டி பிறக்கும், கோடு போட்டுக்கூட வரும். பயம் அதுவல்ல. முதுமலையில் 2023 தொடக்கத்தில் செத்த காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானது. அதனால் அந்தத் தாயைத் தனியே வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், வேலியை இரண்டடுக்காக்குங்கள். கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்படிச் சுட்டதைப் பண்ணைப் பக்கமே கொண்டுவராதீர்கள், அங்கே போன ஆள் அன்றைக்குக் கொட்டகைக்குள் வர வேண்டாம். காட்டுக் குட்டியைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வண்டியில ஏத்தி அனுப்பற அன்னிக்கு எங்க ஆள் சோறே திங்கறதில்லைங்க. என்ன செய்யறது?

அப்படிப்பட்ட ஆள் கிடைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அவரை ‘இதுக்கெல்லாம் அழுவியா’ என்று கேட்காதீர்கள். சிலர் அன்று பண்ணையிலேயே இருக்க விரும்ப மாட்டார்கள். கூலி பிடிக்காமல் லீவு கொடுங்கள். சிலர் ‘நானே ஏத்தறேன், வேற யாரும் அடிக்க வேண்டாம்’ என்பார்கள். அவர் சொல்வது சரி. பழகிய குரலுக்குப் பன்றி சறுக்குப் பலகையில் தானாக ஏறும். பக்கவாட்டில் ஒரு பலகையைப் பிடித்து வழிகாட்டினால் போதும், வாலை முறுக்கவோ குச்சியால் குத்தவோ வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் ஏற்றுங்கள், முந்தின ராத்திரி முதல் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். மிரண்டு மூச்சிரைத்துப் போன பன்றியின் கறி வெளுத்துத் தண்ணீர் விடும், வாங்குகிறவரே விலையைக் குறைப்பார். லைசன்ஸ் உள்ள அறுப்புக்கூடத்துக்கே அனுப்புங்கள். கூத்தாட்டுக்குளத்தில் அரசின் மீட் ப்ராடக்ட்ஸ் நிறுவனமும் இருக்கிறது.

காலியான அறையைக் கழுவும் வேலையை அன்றைக்கே அவர் தலையில் கட்டாதீர்கள். மறுநாள் வேறொருவரோடு சேர்ந்து கழுவிச் சுண்ணாம்பு அடிக்கட்டும். எப்படியும் புதுக் குட்டி விடுவதற்கு முன் அந்த அறை ஒரு வாரமாவது காய வேண்டும்.